வந்தானா, வந்துச்சா

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம். காலையில் கராஜ் கதவை ஏற்றியதும் நஞ்சுண்டனின் மூக்குதான் முதலில் வேலைக்குப் போயிற்று. புகை வாசம். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அவருடைய தெரு முழுக்கச் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் சூரியன் சூடே இல்லாமல், சப்பிப் போட்ட ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“எங்கியோ லீக் ஆகுது” என்றார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும்.

அவருடைய உத்தியோகமே அதுதான். ஹூஸ்டன் கப்பல் கால்வாய் ஓரம் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் குழாய்களைச் சோதிப்பவர். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்து நிற்கும் குழாய் உள்ளுக்குள் எவ்வளவு அரித்துப்போயிருக்கிறது என்று ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்துச் சொல்லவேண்டும். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிற மனுஷன். அந்தப் பழக்கத்தைப் பிளான்ட் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரத்தான் அவருக்குத் தெரியவில்லை.

காரில் ரேடியோவைத் திருகினார். மெக்சிகோவில் காடு எரிகிறதாம், காற்று அந்தப் புகையை டெக்சாஸ் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறதாம். அத்தனை தூரத்திலிருந்தா? அவர் பாதிதான் நம்பினார். டிபன் டப்பாவை மறந்துவிட்டது ஞாபகம் வந்து திரும்ப வீட்டுக்குள் போனபோது, பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் மகள் வெண்பாவின் குரல் கேட்டது. கார்ட்லெஸ் போனைத் தோளில் இடுக்கியபடி, புகைக்குள் இங்குமங்கும் நடந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“அவன் சாப்பிட்டானா அக்கா?... நேத்தும் இல்லையா? நான் இல்லன்னா அப்படித்தான் பண்ணுவான், பிடிவாதம் ஜாஸ்தி அவனுக்கு... அப்பாவா? அவர் இன்னும் ‘பாக்கலாம்’தான் சொல்லிட்டிருக்கார். நான் எப்படியும் வந்துடறேன்னு அவன்கிட்ட சொல்லுங்க.”

நஞ்சுண்டன் டிபன் டப்பாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

வெண்பா அவருக்கு ஒரே மகள். ஆஸ்டினில் பயாலஜி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். ஆகஸ்ட்டில் ஹூஸ்டனிலேயே மெடிகல் காலேஜ். சீட் கிடைத்த அன்று நஞ்சுண்டன் சத்தியமங்கலம் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் போனில் எழுப்பிச் சொல்லியிருந்தார். ஆனால் போன கோடையில் காலேஜ் மூலமாக மலேசியப் பக்கத்துப் போர்னியோவுக்குப் போய் இருந்துவிட்டு வந்தாளே, அதிலிருந்துதான் எல்லாம். அங்கே பெரிய காட்டுக் காப்பகம் ஒன்று. காட்டை வெட்டி எண்ணெய்ப்பனைத் தோட்டம் போடுகிறார்கள், போதாததற்குத் தீ வேறு. தாயை இழந்த ஓராங்குட்டான் குட்டிகளை எடுத்துவந்து, வளர்த்து, மரமேறப் பழக்கி, மறுபடியும் காட்டுக்குள்ளேயே விடுகிற இடம். ‘மனிதக் குரங்குக்கு நர்ஸ் வேலை’ என்று நஞ்சுண்டன் நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். அவள் கொண்டுவந்த போட்டோக்களில் மேலாக இரண்டைப் பார்த்துவிட்டு, “நல்லாருக்குது” என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டவர் அவர்.

இப்போது மெடிகல் காலேஜை ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டு மறுபடியும் அங்கே போகவேண்டும் என்கிறாள். தள்ளிவைப்பதானால் ஜூன் முதல் திங்கட்கிழமைக்குள் காலேஜுக்குச் சொல்லிவிட வேண்டும். தள்ளிவைத்த சீட் அப்படியே காத்திருக்கும் என்பதை நஞ்சுண்டன் நம்பவில்லை. ஒரு வருஷம் காட்டில் இருந்த பெண் திரும்பிவந்து புத்தகத்தைத் தொடுவாள் என்பதையும் நம்பவில்லை. “பாக்கலாம்” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். அவருடைய பாஷையில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

ஆக, இவள் இத்தனை பிடிவாதம் பிடிப்பது குரங்குக்காக இல்லை. ‘அவனு’க்காக.

அவள் சொன்னது அந்தக் குரங்கைத்தானே என்று வேறு யாருக்கும் தோன்றியிருக்கும். நஞ்சுண்டனுக்குத் தோன்றாததற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குள் தமிழ்தான் என்பது அவர் போட்ட சட்டம். இங்கிலீஷில் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. வெண்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வேலிப் பக்கமிருந்து ஓடிவந்து, “அப்பா, நாய் வந்தான்” என்பாள். நாய் வந்தான், பூனை குதிச்சாள், அணில் ஓடினான். இங்கிலீஷில் அந்த நாய் ‘ஹீ’தானே. “நாய்க்கு வந்தான் கெடையாது அம்மிணி, வந்துச்சு. மனுசனுக்குத்தான் வந்தான். நாய், பூனை, குருவியெல்லாம் அது” என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். உயர்திணை அஃறிணையை அவருக்குப் பள்ளிக்கூடத்தில் காதைத் திருகிப் புகட்டியிருந்தார்கள். இவர் காதைத் திருகாமல், ஒரு கோடை முழுக்கப் புகட்டினார். அதற்கப்புறம் வெண்பாவின் வாயில் திணை தவறியதே இல்லை. ழகரம் வராது, ரகரமும் றகரமும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். திணை மட்டும் தவறாது.

ஆகவே அவள் ‘அவன்’ என்றால் ஆண்பிள்ளைதான். இது அவரே போட்ட குழாய். இதில் கசிவு இருக்க வழியில்லை.

இரண்டு நாள் கழித்து, துணி உலர்த்தும் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே மறுபடியும் அவள் குரல்.

“அந்த மஞ்சள் டி-ஷர்ட் அவன்கிட்டதானே இருக்கு?... கட்டிப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்கறானா?” ஒரு சின்னச் சிரிப்பு. “புஜாங் அப்படித்தான். வேற யாரையும் பக்கத்துல விடமாட்டான்.”

 நஞ்சுண்டனுக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. புஜாங்.

ஞாயிற்றுக்கிழமை மீனாட்சி கோயிலில் தரிசனம் முடிந்து, சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரைத் தட்டோடு சேனாபதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சேனாபதி கோபிக்காரர், ஹூஸ்டனுக்கு அவருக்கு முன்பே வந்தவர். யார் வீட்டில் எது என்றாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும், அல்லது தெரிந்த மாதிரி பேசுவார்.

“புஜங்கனா?” என்றார் சேனாபதி. “அது சிவன் பேருங்க. அப்ப நம்மாளுதான். மலேசியாவுல எஸ்டேட்டுக்குப் போன நம்ம சனம் எத்தனை இருக்குது.”

“புஜங்கன் இல்லீங்க, புஜாங்.”

“மூணு தலைமுறை அங்க இருந்தா பேரு வாயில அப்புடித்தான் தேயும். ஆளு என்ன பண்றான்?”

“அதான் தெரியல. கேட்டா சொல்லுமா அது?”

“கேக்கவே கேக்காதீங்க. கேட்டா உசாராயிரும். நாஞ் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க, நம்ம நாமக்கல்காரர் மக டல்லாஸுக்கு கான்ஃபரன்ஸ்னு போச்சு, கழுத்துல தாலியோட வந்துச்சு. மொதல்ல பாஸ்போர்ட்டைப் பத்திரம் பண்ணுங்க. பறக்கறதுக்கு றெக்கை அதுதானுங்களே.”

திரும்பி வரும்போது காரில் மனைவி சாரதாவிடம், பெயரைச் சொல்லாமல், “உம் மக யாரோ ஒருத்தன்கிட்ட மாட்டியிருக்கற மாதிரி தெரியுது” என்று ஆரம்பித்தார்.

“நல்ல விசயத்துல மட்டும் உங்க மகளாக்கும்” என்றாள் சாரதா. “ஏனுங்க, இப்புடி மோப்பம் புடிக்கறதுக்கு நேராக் கேட்டுப்போட்டா என்னங்க?”

“உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சு மறைக்கறயா?”

“ஆமாங்க, நானும் அவனும் கூட்டு.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, உள்ளே டொக்கு விழுந்திருக்கிறதா என்று யோசித்தபடியே வண்டியை ஓட்டினார்.

வீட்டில் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் சாரதாவின் நகைப்பெட்டிக்கு அடியில் இருக்கும். அன்று சாயங்காலம் வெண்பாவினுடையதை மட்டும் உருவி, கராஜில் இருந்த தன் சோதனைக் கருவியின் பெட்டிக்குள், ஸ்பாஞ்சுக்கு அடியில் வைத்து மூடினார். அந்தப் பெட்டியை அவரைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். வைத்துவிட்டுக் கை கழுவினார். எதற்குக் கழுவினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் வெண்பா கேட்டாள். “அப்பா, என் பாஸ்போர்ட் பாத்தீங்களா?”

“அம்மா நகைப்பெட்டிக்கு அடியில இருக்குமே.”

“உங்களுது இருக்கு, அம்மாவுது இருக்கு. என்னுது மட்டும் இல்ல.”

“எங்கியாச்சும் மாத்தி வெச்சிருப்ப. தேடு, கெடைக்கும்.”

வெண்பா உடனே நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். ஆணி இறங்காத இடத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, சுத்தியலை வேறு பக்கம் வைக்கிறவளைப் போல, மெதுவாக, “ஓகே” என்றாள். “கிடைக்கலன்னா காணாமப் போச்சுன்னு ரிப்போர்ட் பண்ணிட்டு புதுசுக்கு அப்ளை பண்ணிடறேன்.”

அதன்பிறகு அவள் அலமாரி அலமாரியாகத் தேடினாள். நஞ்சுண்டன் சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு, அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதைக் காதாலேயே பின்தொடர்ந்தார். கராஜ் பக்கம் அவள் போகும்போதெல்லாம் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உப்பு, தண்ணீர், தயிர் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

காலேஜுக்குச் சொல்லவேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. சாரதா கோயில் சமையலுக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தாள். வெளியே மறுபடியும் புகை லேசாக இறங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வெண்பா ஓடப் போயிருந்தாள். அப்போது போன் அடித்தது.

“ஹலோ, வெண்பா இருக்குதா? நான் தவமணி, போர்னியோவிலருந்து.”

“வெளிய போயிருக்குது. நான் வெண்பாவோட அப்பா.”

“ஓ, அங்கிளா. சொகமா இருக்கீங்களா? நான் இங்க மிருக டாக்டர். போன வருஷம் வெண்பா என்கூடத்தான் இருந்துச்சு.”

மலேசியத் தமிழ். வார்த்தைகள் மழையில் நனைந்த மாதிரி குழைந்து குழைந்து வந்தன. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நஞ்சுண்டனுக்குப் பட்டது. எல்லாம் தெரிந்தவர் போலக் குரலை வைத்துக்கொண்டார்.

“புஜாங் எப்புடி இருக்காப்ல?”

“அவன் ஓகே லா. வெண்பா சொல்லிருச்சா அவனப் பத்தி?”

“எல்லாம் சொல்லுச்சு.” பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. “அம்மா அப்பாவெல்லாம் அங்கதானுங்களா?”

“அப்பா யாருன்னு எப்படித் தெரியும் அங்கிள்? அம்மாவ எஸ்டேட்டுல சுட்டுட்டாங்க.”

நஞ்சுண்டன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “சுட்டுட்டாங்களா? போலீஸ்ல...”

“யாரு கேக்கப் போறா? பனங்கன்னத் தின்னுச்சுன்னு சுட்டுட்டாங்க. இவன் செத்த ஒடம்பு மேலயே ஒட்டிக்கிட்டுக் கெடந்தான். வெண்பாதான் ஒரு பகல் பூரா பக்கத்துல உக்காந்து, கையப் பிடிச்சு எடுத்துட்டு வந்துச்சு.”

பனங்கன்று தின்ற அம்மா. நஞ்சுண்டன் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார். காது மாறினால் விஷயமும் மாறும் என்பதைப் போல.

“என்ன வயசுங்க அவனுக்கு?”

“அஞ்சு இருக்கும். பல்ல வெச்சுத்தான சொல்ல முடியும்.”

அப்படியானால் புஜாங் அந்தக் குரங்குக் குட்டி. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது அது இல்லை, ஒரு எரிச்சல். திணை தவறியிருக்கிறாளே. அதன் பின்னால்தான் சேனாபதி, தாலி, ஸ்பாஞ்சுக்கு அடியில் இருக்கிற பாஸ்போர்ட் எல்லாம் வரிசையாக வந்து நின்று அவரைப் பார்த்தன.

“நீங்க போன எடுத்தது நல்லதாப் போச்சு அங்கிள்” என்றாள் தவமணி. “வெண்பாகிட்ட ஒண்ணு சொல்லணும், எனக்கு வாய் வரல. மொதல்ல அவன் சாப்பிடாமத்தான் கெடந்தான். அப்புறம் அந்த டி-ஷர்ட்ட எடுத்துட்டோம். ரெண்டு நாள் கத்தினான். பெறகு மேல ஏறினவன்தான், கீழ வர்றதே இல்ல. கிளைய மடக்கிக் கூடு கட்டித் தூங்கறான். தானாக் கத்துக்கிட்டான் லா. நாங்க பாடுபடறது இதுக்குத்தான். வெண்பா கேட்டப்போ டி-ஷர்ட் அவன்கிட்டயே இருக்குன்னு பொய் சொல்லிட்டேன்.”

“சரிங்க.”

“இப்ப வெண்பா வந்து கூப்பிட்டுச்சுன்னா எறங்கி வந்துருவான். மனுஷன நம்பி எறங்கற ஓராங்குட்டான் நாளைக்கு எஸ்டேட்டுலயும் எறங்கும். அப்புறம் அவன் அம்மா கதிதான்.”

“அப்ப, வெண்பா வரவேண்டாங்கறீங்க.” குரலில் எட்டிப்பார்த்த சந்தோஷத்தை அவர் இருமி மறைத்தார்.

“ஐயோ, அப்படிச் சொல்லல. தீயில எடுத்த குட்டிங்க கூண்டு கூண்டா இருக்கு, எங்களுக்குக் கை பத்தல. வெண்பா வந்தா பெரிய உதவி. ஆனா புஜாங் இருக்கற பக்கம் போகக்கூடாது, அவன் கண்ணுலயே படக்கூடாது. அதுக்குச் சரின்னா வரட்டும். இப்பவே நான் கிளம்பறேன், விடியறப்ப உள்காட்டுல இருக்கணும், ஒரு வாரத்துக்கு போன் கிடையாது. நீங்க சொல்லிருங்க அங்கிள். அப்பா சொன்னா கேக்கும்.”

போனை வைத்தபிறகு நஞ்சுண்டன் சமையலறையில் நின்றபடி ஒரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். தவமணி சொன்னதில் இரண்டு பாதி இருந்தது. முன்பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது பொய்யில்லை. நீ போனால் புஜாங்குக்கு ஆகாது. அவ்வளவுதான். அதைக் கேட்டபிறகு இவள் போகமாட்டாள். திங்கட்கிழமை தாண்டிவிட்டால் ஆகஸ்ட்டில் மெடிகல் காலேஜ். தவமணி திரும்பக் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

வெண்பா உள்ளே வந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது. ஷூவைக் கழற்றும்போதே அவர் சொன்னார்.

“தவமணி கூப்பிட்டாங்க. நீ போனா புஜாங்குக்கு நல்லதில்லையாமா. பாக்கவே கூடாதுன்னுட்டாங்க.”

அவள் ஒரு ஷூவோடு நிமிர்ந்தாள். “அக்கா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. போன வாரம்கூட என் டி-ஷர்ட் அவன்கிட்ட இருக்குன்னு சொன்னாங்க.”

“அது பொய்யாமா. எடுத்துட்டாங்களாமா.”

“அக்கா பொய் சொல்றாங்க, நீங்க உண்மை சொல்றீங்க. ஓகே.” போனை எடுத்து எண்களை அழுத்தினாள். போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டுத் திரும்பினாள். “இத்தனை நாள் எப்பப் பண்ணாலும் எடுத்தாங்க. திங்கக்கிழமைக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப கரெக்டா எடுக்கல. கரெக்டா உங்ககிட்ட மட்டும் பேசியிருக்காங்க. அப்பா, என் பாஸ்போர்ட் எங்க?”

நஞ்சுண்டன் கராஜுக்குப் போனார். பெட்டியை அப்படியே தூக்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்து, ஸ்பாஞ்சை நிமிர்த்தி, பாஸ்போர்ட்டை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளினார். வெண்பா அதைத் தொடவில்லை.

“யூ வேர் ஹைடிங் இட்” என்றாள்.

இந்த முறை இங்கிலீஷ் அவருக்குக் காது கேட்டது.

“புஜாங் யாரோ பையன்னு நெனச்சுட்டேன் அம்மிணி.”

“பையனா? போன வருஷம் போட்டோ காட்டினேனேப்பா. பாதி போட்டோ அவன்தான்.”

“‘அவன்’னு சொன்னா நான் என்னன்னு நெனைக்கறது? மிருகத்துக்கு அதுன்னு எத்தனை தடவை சொல்லிக்குடுத்தேன்.”

“மறந்துபோய்ச் சொல்லலப்பா. தெரிஞ்சுதான் சொன்னேன். செத்துப்போன அம்மா மேலருந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். அவனைப் போய் அதுன்னு சொல்ல எனக்கு வரல.”

“உனக்கு வரலன்னா இலக்கணம் மாறிருமா?”

“அந்த ஊர்ல ஓராங்னா மனுஷன். ஓராங்குட்டான்னா காட்டு மனுஷன். அவங்க கணக்குல அவன் அவன்தான். உங்க கணக்கையே எடுத்துக்கோங்க. அம்மாகிட்ட என்னைப் பத்தி எப்படிக் கேப்பீங்க? வெண்பா வந்துச்சா, வெண்பா சாப்பிட்டுச்சா. நான் என்ன, அஃறிணையா?”

 நஞ்சுண்டனின் ஊரில் பெண் பிள்ளைகளை அப்படித்தான் சொல்வார்கள். அதில் இலக்கணம் இருக்கிறது என்று இதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

“அது பாசத்துல சொல்றது” என்றார் கடைசியில்.

“நானும் பாசத்துலதான் சொன்னேன்.”

ஃப்ரிஜ் ஒருமுறை உறுமி அடங்கியது. நஞ்சுண்டன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாதம் பண்ணத் தெம்பில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடியே சொல்லத்தான் முடிந்தது.

“மொதல்ல சாப்பிடாமக் கெடந்தானாமா. டி-ஷர்ட்டை எடுத்ததும் ரெண்டு நாள் கத்துனானாமா. அப்பறம் மேல ஏறுனவன் எறங்கவே இல்லையாமா. கெளைய மடக்கிக் கூடு கட்டித் தூங்கறானாமா, யாரும் சொல்லிக்குடுக்காம. நீ போய்க் கூப்பிட்டா எறங்கி வந்துருவான். அப்பறம் எஸ்டேட்டுலயும் எறங்குவான். அவங்கம்மாளைச் சுட்ட மாதிரி...”

“என்ன சொன்னீங்க?”

“சுட்ட மாதிரின்னு...”

“இல்ல, அதுக்கு முன்னாடி. வந்துருவான்னு சொன்னீங்க.”

நஞ்சுண்டன் விழித்தார்.

“நீங்களா கதை கட்டிச் சொல்லியிருந்தா ‘வந்துரும்’னுதான் சொல்லியிருப்பீங்க” என்றாள் வெண்பா. “தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வீங்க. இது அக்கா பேசினது.” அவள் உதடு கோணிற்று. “கூடு கட்டறானா? நிஜமாவா?”

“ம்.”

“எந்த மரத்துல?”

“அதைக் கேக்காம விட்டுட்டனே.”

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கைகளுக்குள்ளிருந்து, “அப்ப நான் போகக்கூடாது” என்றாள். “சரி. போகல.”

நஞ்சுண்டன் மேஜையைப் பார்த்தார். அவர் வேண்டிக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். அவர் கேட்காமலே வந்துவிட்டது. இனி வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். மகள் இப்போது அவரை நம்புகிறாள். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் அவர் எதை வைத்தாலும் அவள் தேடமாட்டாள். திறந்து கிடந்த பெட்டியில், ஸ்பாஞ்சுக்கு அடியில், பாஸ்போர்ட் இருந்த இடம் அதே அளவுக்கு அழுந்திக் கிடந்தது.

“இன்னொண்ணும் சொன்னாங்க” என்றார்.

கைகள் விலகின.

“தீயில எடுத்த குட்டிக நெறைய இருக்குதாமா. கை பத்தலையாமா. நீ வந்தா பெரிய உதவின்னாங்க. புஜாங் கண்ணுல மட்டும் படக்கூடாது. அதுக்குச் சரின்னா வரட்டும்னாங்க.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. 

“ஒரே காட்டுல இருந்துக்கிட்டு, ஒரு வருஷம், அவனைப் பாக்காம” என்று வெண்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “மேல எங்கயாவது கிளை ஆடும். அவனா வேற யாராவதான்னு தெரியாது. தலையைத் தூக்காம நடக்கணும்.”

“முடியுமா?”

“தெரியலப்பா.” கொஞ்சநேரம் நகத்தைப் பார்த்தாள். “திங்கக்கிழமை காலேஜுக்குப் போன் பண்ணி, தள்ளி வைக்கச் சொல்லப் போறேன்.”

“பாக்க...” என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். “சரி” என்றார். சொன்னது தனக்கே புதிதாகக் கேட்டது.

வெண்பா பாஸ்போர்ட்டை எடுத்தாள். உள்ளே புரட்டி, தன் போட்டோ இருக்கிற பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். நகைப்பெட்டி இருக்கிற அறைப் பக்கம் போகாமல், ஓடுவதற்குப் போட்டிருந்த கால்சட்டையின் பாக்கெட்டில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

“இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும்.”

கராஜ் கதவு உருண்டு ஏறும் சத்தம் கேட்டது. சாரதா. காரின் கதவு சாத்தப்பட்டது. கோயில் பிரசாதப் பையின் சரசரப்போடு, உள்ளே வருவதற்கு முன்பே குரல் வந்தது.

“ஏனுங்க, இந்தப் புகையில ஓடப் போச்சே, வெண்பா வந்துச்சா?”

நஞ்சுண்டன் மகளைப் பார்த்தார்.

“வந்துட்டா” என்றார்.

வெண்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே, ஜிப் நன்றாக மூடியிருக்கிறதா என்று ஒரு கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.